முதலாளி மகன் முடியில் கழன்ற நட்டு

எல்லப்பன் தலைமுடியை வைத்து ஒரு காரின் சக்கரத்தைக் கழற்றினான். சுத்தியல் இல்லை, உளி இல்லை, சாவி இல்லை. வெறும் முடி. அதுவும் அவனுடைய முடி அல்ல. அவன் தலை பித்தளைச் சொம்பு. மணவூர் ஸ்டேஷன் மாஸ்டர் காலையில் அதில் முகம் பார்த்துத்தான் மீசையை ஒதுக்குவார். முடி நாகேந்திரனுடையது.

நாகேந்திரன் மணவூர் ரைஸ்மில்காரரின் ஒரே மகன். எழுபத்தெட்டாம் வருஷத்து மோஸ்தரில் காதை மூடி, கழுத்தை மூடி, காலரில் புரளும் சுருட்டை முடி அவனுக்கு. அந்த முடிக்கென்றே ஊரில் ஒரு செக்கு தனியாக ஓடியது. ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள் மல்லிகை எண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் மணவூர் வந்துவிட்டதென்று எழுந்து இறங்குவார்கள். அவனுடைய டிரைவர்தான் எல்லப்பன். பின் சீட்டில் உட்கார்ந்து டிரைவரின் மொட்டைத் தலையில் தாளம் போட்டுக்கொண்டு வருவது நாகேந்திரனுக்குப் பொழுதுபோக்கு. பாட்டு முடிந்தால் கணக்குத் தீர்க்க ஒரு குட்டு. எல்லப்பனும் சிரித்து வைப்பான்.

அன்றைக்குப் பள்ளிப்பட்டில் பெண் பார்க்கும் நாள். மூன்று பேர் உட்கார்ந்தால் சட்டை கசங்கும் என்று நாகேந்திரன் அப்பா அம்மாவை முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பின்னால் காரில் கிளம்பினான். திருத்தணி மலையடிவாரத்தில், மொட்டை போடும் கொட்டகைக்கு நேர் எதிரே, பின் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது.

டயர் திருடர்களுக்குப் பயந்து அவன் சக்கரத்துக்கு ஒன்றாகச் சிங்கப்பூர் பூட்டு நட்டு போட்டிருந்தான். கோழிமுட்டை மாதிரி வழுவழுவென்று இருக்கும். அதற்கென்று உள்ள சாவியைத் தவிர எதற்கும் மசியாது.

"சாவி குடுங்க, சின்ன மொதலாளி."

நாகேந்திரன் புது பெல்பாட்டத்தின் பைகளைத் தடவினான். முகம் வெளுத்தது. "பழைய பேண்ட்டுல கீதுடா. ஞாபகப்படுத்தாம நீ இன்னா புடுங்கினு இருந்தே?" குட்டு விழுந்தது.

டிக்கியில் லாரிக்கான பெரிய பாக்ஸ் ஸ்பேனர் ஒன்று கிடந்தது. மாட்டினால் குழந்தை தலையில் அப்பன் தொப்பி போல லொடலொடவென்று சுற்றியது. இடைவெளியில் துணியை அடைத்தான், கிழிந்தது. சாக்கை அடைத்தான், பொடியாய் உதிர்ந்தது.

"உளி வெச்சு ரெண்டு போடு போட்டா வந்துரும்."

"புது வீலுடா! ஒரு கோடு வுழுந்துது, உன் தோல உரிச்சுடுவேன். ராகுகாலத்துக்கு முன்னாடி நான் அங்க போயாவணும். இந்த எடம் தவறிச்சின்னா நைனா வேற எடமே பாக்க மாட்டேன்னுட்டாரு."

எல்லப்பன் திரும்பிப் பார்த்தான். கொட்டகைக்குள் முடி, திருத்தணி மலைக்கே போட்டியாகக் குவிந்து கிடந்தது. நனைத்து அடைத்தால் முடி நசுங்கும், அறாது. நாவிதர் ராஜவேலுவிடம் ஒரு பிடி கேட்டான்.

"அய்யய்யோ, அது முருகனுக்குக் குட்த்த முடிப்பா! ஒரு இழை வெளிய போனா என் கத்தியப் புடுங்கிடுவாங்க."

எல்லப்பனின் பார்வை மெல்ல நாகேந்திரனின் தலையில் ஏறி உட்கார்ந்தது. "சாமிக்குப் போவாத முடி இங்க ஒண்ணுதான் கீது. பின்பக்கம் ஒரே ஒரு கொத்துங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

நாகேந்திரன் திட்டினான், கடிகாரத்தைப் பார்த்தான், ராஜவேலுவின் கத்திக்குக் குனிந்தான்.

முதல் கொத்தை நனைத்துத் திணித்து, ஸ்பேனரை உள்ளங்கையால் தட்டி இறக்கி, மெதுவாகத் திருப்பினான் எல்லப்பன். கிர்ர் என்றது. நட்டு அசைந்துவிட்டது! அவன் உள்ளங்கை வழியாக அந்தச் செய்தி தலைக்கு ஏறியது. இத்தனை வருஷத் தாளமும் அங்கேதான் இருந்தது. சத்தமில்லாமல் நட்டைத் திரும்ப இறுக்கினான்.

"வழுக்குதுங்க. இன்னொரு கொத்து."

அடுத்த கொத்துக்கும் வழுக்கியது. எல்லப்பன் முக்கினான், முனகினான், வியர்வையில் சரவணப் பொய்கையே ஒரு படி ஏறியது. வலப்பக்கம் போயிற்று. இடப்பக்கம் போயிற்று. நடு உச்சியில் மட்டும் ஒரு தீவு நின்றது.

ராஜவேலு ஒதுங்கி நின்று பார்த்தார். "இத்தோட பொண்ணு பாக்கப் போனீங்கன்னா நாய் தொரத்தும் தம்பி. மொத்தமா எட்த்துர்றேன்." எடுத்தார். பழக்க தோஷத்தில் சந்தனமும் பூசிவிட்டார்.

அந்தக் கடைசிப் பிடியைத் திணித்ததும் நட்டு பழுத்த நாவற்பழமாக உதிர்ந்தது.

"பாத்தீங்களா? உச்சி முடிக்குத்தான் பலம்" என்றான் எல்லப்பன்.

பள்ளிப்பட்டில், தறிகளுக்குச் சொந்தக்காரரான வேதாசலத்தின் வீட்டு வாசலில் கார் நின்றது. மஞ்சள் மொட்டை இறங்கியதும் நாகேந்திரனின் அம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். அப்பா பாய்ந்து எழுந்தார். "டேய்! நான் உசுரோட கீறேனேடா!"

"வேண்டுதல், நைனா" என்று ஒரு பொய்யைப் போட்டான் நாகேந்திரன். திருத்தணி வழியாக வந்தவனுக்கு அதைவிட நல்ல பொய் கிடையாது. அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"வேண்டுதலா? நல்லது" என்றார் வேதாசலம். "இன்னா சீக்குக்கு?"

"சீக்கெல்லாம் இல்லீங்க."

"பொண்ணு பாக்கற அன்னிக்கு, ராகுகாலத்துக்குள்ள அவசரமா எறக்கற வேண்டுதல் சீக்கு இல்லாம வருமா? வலிப்பா? சித்தம் கலங்கிச்சா? மறைக்காம சொல்லுங்க."

கதவுக்குப் பின்னால் அவர் மகள் அம்சாவின் வளையல் குலுங்கியது. அழுகிற வளையல் அப்படிக் குலுங்காது. நாகேந்திரன் உடைந்துபோய் பஞ்சரிலிருந்து சந்தனம் வரை அத்தனையும் கொட்டினான்.

"முடிய வெச்சு நட்டு கழட்னீங்க?" வேதாசலம் கூடியிருந்தவர்களைப் பார்த்தார். "நான் ஒரு மயிரும் நம்ப மாட்டேன்."

"எல்லப்பா! எல்லப்பண்ணே! நீயாவது சொல்லுண்ணே!"

அண்ணே! முதல்முறையாகக் காதில் விழுந்த அந்த மரியாதையை எல்லப்பன் வெற்றிலை போல நிதானமாக மென்றான். பிறகு தலையைச் சொறிந்தான். "சின்ன மொதலாளி சொன்னா... சரியாத்தான் இருக்குங்க."

அந்தக் குரலைக் கேட்டால் பெற்ற தாயே நம்பமாட்டாள். நம்பவுமில்லை; கேவினாள்.

வேதாசலம் எழுந்தார். காரின் டிக்கியைத் தானே திறந்து, ஸ்பேனரை எடுத்து, அதன் வாய்க்குள் விரலை விட்டு, அடைத்திருந்ததைப் பிடுங்கினார். ஆயுள் முழுக்க நூல் பார்த்த விரல்கள். இழையைப் பிரித்து, இழுத்துப் பார்த்தார். சுருண்டது. முகர்ந்தார். மல்லிகை.

"அம்சா, காபிய உள்ள எட்த்தும்போ" என்றார். பிறகு ரைஸ்மில்காரரின் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதீங்க. வலிப்புன்னா மருந்து கீது, பைத்தியம்னா கட்டிவெச்சு வைத்தியம் பாக்கலாம். ஒரு நட்டுக்குத் தலைய நீட்டற புத்திக்கு எந்த டாக்டரும் இல்ல. ஆங், ஒத்துக்கறேன். உங்க புள்ள பொய் சொல்லல. நெசமாவே நடந்துதான் கீது."