ஆளுக்கொரு கால்

என் தம்பியின் நம்பிக்கை அந்த வாரம் ஒரு பெஞ்சு விலைக்குப் போனது. பேரம் பேச வழியில்லை; பெஞ்சு கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்து விலை சொன்னதே நான்தான். முதல் வகுப்பில் பதினாறு பேரும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். "வெள்ளிக்கிழமை எங்க அக்கா பெஞ்சு கொண்டு வருவா" என்று அவன் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். வராவிட்டால் வருஷம் பூராவும் அவனுக்குப் 'புளுகன்' பட்டம்தான்.

எட்டாம் வகுப்பிலிருந்த நாங்கள் வாரத்தில் இரண்டு பீரியடு பள்ளிக்கூடத்துக்கு உழைக்க வேண்டும். பட்டறையில் கிடந்த ஓர் ஆடும் பெஞ்சை எங்கள் நால்வரிடம் தள்ளிவிட்டு, "ஆட்டத்தை நிறுத்தி ஒண்ணாங் கிளாஸுக்குக் கொடுங்க" என்று போய்விட்டார் கைத்தொழில் டீச்சர். நால்வர் என்றால் நான், நெட்டையன், வாயாடி, பேசக் காசு கேட்பான் போலிருக்கும் ஊமைக்கோட்டான்.

திங்களன்று ரம்பம் யார் கையில் என்ற சண்டையிலேயே பீரியடு முடிந்தது. இவர்களை நம்பினால் தம்பி தரையோடு தரைதான் என்று, சாயங்காலம் நான் தனியாகப் போய் ஒரு காலின் அடியை அறுத்தேன். மேசையில் கிடந்த மரத்துண்டின் கனம்தான் அளவு. ஆட்டம் நின்றது. பெஞ்சைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கல்லாவைப் பூட்டிய முதலாளி மாதிரி கிளம்பினேன்.

வியாழனன்று நால்வரும் கூடினோம். பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. பெஞ்சோ பழையபடி ஆடியது.

"யாரு இதுல கை வெச்சது?"

வாயாடி கூரையைப் பார்த்தாள். "நேத்து மதியம் சும்மா வந்தேன். ஒரு கால் உசரமா இருந்துச்சு. சும்மாதான் அறுத்தேன்."

"நீ சொதப்பிடுவேன்னுதானே நான் செவ்வாய்க்கிழமையே ஒண்ணை அறுத்தேன்" என்றான் நெட்டையன்.

"ஒண்ணு நான். அப்ப நாலாவது?" என்றேன்.

ஊமைக்கோட்டான் மெதுவாகக் கை தூக்கினான்.

எல்லோருக்கும் அதே மரத்துண்டுதான் அளவு. நான்கு கால்களும் அச்சுப் பிசகாமல் ஒரே உயரம்.

"சமமா இருந்தா ஏன் ஆடுது?" என்றான் நெட்டையன்.

ஊமைக்கோட்டான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து தரையில் ஊற்றினான். தண்ணீர் ஓடிப்போய் ஒரு காலடியில் குளமாக நின்றது. பள்ளம் பட்டறைத் தரையில். பெஞ்சு ஆரம்பத்திலிருந்தே நிரபராதி.

வாயாடிக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் எங்களுக்கும். பிறகு யாரும் சண்டை போடவில்லை. இருவர் கவிழ்த்துப் பிடிக்க, அறுத்த முனைகளை நெட்டையன் உப்புத்தாளால் தேய்க்க, வாயாடி தூளை ஊதி ஊதி எங்கள் கண்ணில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதல் வகுப்பில் இறக்கினோம். பெஞ்சு அசையவில்லை. தம்பியும் இன்னும் மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். எட்டுப் பாதங்களும் தரையில் பதிந்தன.

வகுப்பு மிஸ் குனிந்து பார்த்தார். "பெரிய பெஞ்சுல இதுங்களுக்குக் கால் எட்டாது. அளவெடுத்தா செஞ்சீங்க?"

"ஆமா மிஸ்" என்றாள் வாயாடி. "நாலு தடவை."

தம்பி என் காதருகில் வந்தான். "அக்கா, மத்தவங்களுக்குத் திங்கட்கிழமைன்னு சொல்லிட்டேன்."

திரும்பிப் பார்த்தேன். நெட்டையன் ரம்பம் எடுக்கப் போய்விட்டான். மற்ற இருவரும் அவன் பின்னாலேயே.

வரவு, பெஞ்சு ஒன்று. உட்கார்ந்தவர்கள் நான்கு பேர், தரையில் பன்னிரண்டு பேர். பாக்கி, பெஞ்சு மூன்று.