வலது பக்கத்துக் கேசட்

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்கக் கள்ளக்குறிச்சி வந்த மணலூர்பேட்டை சின்னராசு, ஜவுளிக்கடை கலீலுல்லா வீட்டில் மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டார் என்று சொன்னால் அவரே சண்டைக்கு வருவார். துபாய் மச்சான் அனுப்பிய வீடியோ டெக்கும், ஆகாயக் கப்பல் தொடர் எட்டு கேசட்டும் அங்கே இருந்தன.

முதல் கேசட்டிலேயே கேப்டன் செத்துப்போனான். சின்னராசுவுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கேசட்டில் அவன் குத்துக்கல்லாட்டம் வந்து நிற்க, "பொழச்சிக்கினான் பாய்!" என்று துள்ளினார். அப்புறம் இஞ்சினீயர் எழுந்தான். டாக்டரின் நரைத்த தலை கறுத்தது.

"விஞ்ஞானம்னா இன்னான்னு நெனச்ச?" என்றார் கலீலுல்லா.

கடைசி கேசட்டில் எல்லாரும் வீட்டிலிருந்து சிரித்துக்கொண்டே முதல் பயணத்துக்குக் கிளம்பினார்கள். எட்டிப் பார்த்த காசிம் பீவி புருஷன் கலீலுல்லாவிடம் பொரிந்தாள்.

"ஏங்க, குர்ஆன் ஓதுற பழக்கத்துல நான் வலது பக்கத்துலேர்ந்து அடுக்கி வச்சா, இடது பக்கத்துலேர்ந்து யாரு எடுக்கச் சொன்னது?"

அதற்குள் ரோடு திறந்து பஸ்ஸும் ஓட ஆரம்பித்திருந்தது.

"இருந்து மொதல்லேர்ந்து சரியா பார்த்துட்டுப் போயேன்" என்றார் கலீலுல்லா.

சின்னராசு துணி மூட்டையைத் தூக்கினார்.

"வேணாம் பாய். அவங்க வரிசையில பார்த்தா ஒவ்வொருத்தனா சாவான். நம்ம வரிசையில செத்தவனெல்லாம் எழுந்து வூட்டுக்கு வந்துட்டான்."