ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டவர்

செத்தவர்கள் மூன்று பேர். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன். அந்த வீட்டில் உயிரோடு மிஞ்சியவர் அவர் ஒருவர்தான். ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது.

நல்ல குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்குக் கடைக்குப் போனவர் பதினொரு மணிக்குத் திரும்பி, சாவி போட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். குளியலறை வாசலில் மனைவி கிடந்தாள். பிள்ளைகள் போர்வை கலையாமல் படுக்கையிலேயே. யார் உடம்பிலும் ஒரு கீறல் இல்லை. பூட்டு உடையவில்லை, பீரோ திறக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு அவர் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். எதிர்வீட்டிலிருந்து யாரோ அதைப் போனில் படம் பிடித்துவிட்டார்கள். அரை நிமிடம்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் அதைப் பார்க்காதவர் ஊரில் இல்லை.

ஹீட்டர் மெக்கானிக் அதைப் பார்த்தது மறுநாள், சலூன் நாற்காலியில், கழுத்தில் துணியும் கன்னத்தில் சோப்பு நுரையுமாக. கேஸ் அடுப்பு, கேஸில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் என்று இருபது வருடமாக அந்தப் பகுதியில் அவர் ஏறாத மாடி கிடையாது. சலூன்காரர் கத்தியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாருங்கண்ணே. குடும்பமே போயிருச்சு. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாருங்க."

"பால்ல மாத்திரை கலந்திருப்பான்" என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர்.

"இன்னொருத்தி இருப்பா. இல்லாம இவ்வளவு தூரம் போக மாட்டான்."

"ரெண்டு வருஷமா நான்தான் அவனுக்கு முடி வெட்டுறேன்" என்றார் சலூன்காரர். "இந்த நாற்காலியில உக்காந்தா வாயே திறக்க மாட்டான். அப்பவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

அப்போது அவருக்கு எந்த மாதிரியும் இருந்திருக்காது. போன மாதம் வரைக்கும் 'தங்கமான மனுஷன், சண்டை சச்சரவு தெரியாதவர்' என்று அதே வாயால்தான் சொன்னார். இது மெக்கானிக்குக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவருக்கு அப்போது வேறு கவலை. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வீட்டு ஹீட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியது அவர்தான்.

"என்கிட்ட ஒண்ணு கேட்டாரு" என்றார் மெக்கானிக். ஏன் சொன்னோம் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தார். அந்த நேரத்தில் வாய் முந்திக்கொண்டது. "ஹீட்டர் ஓடும்போது ஜன்னலையெல்லாம் சாத்தி வைக்கலாமான்னு கேட்டாரு."

சலூன்காரர் கையிலிருந்த கத்தி காற்றிலேயே நின்றது.

"கேட்டானா? அவனே கேட்டானா?"

"கேட்டாரு."

கேட்டது உண்மை. சின்னவனுக்குச் சளி, காற்று பட்டால் இருமுகிறான் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். "தாராளமா சாத்துங்க சார், புகையெல்லாம் குழாய் வழியா வெளிய போயிரும்" என்று மெக்கானிக் பதில் சொன்னதும் உண்மை. சலூனில் அந்தப் பாதியை அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு நாளில் ஒரு டிவிக்காரப் பெண் மைக்கோடு அவர் கடை வாசலுக்கு வந்துவிட்டாள். ஸ்பேனரைக் கையில் வைத்தபடியே நிற்கச் சொன்னாள். அவர் அதே ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார். ஆனால் அன்று மாலை திரையில் அவர் முகத்துக்குக் கீழே "கொலைக்கு முன் ஒத்திகையா?" என்று சிவப்பில் எழுத்து ஓடியது. தெருவில் போகிறவர்கள் நின்று வணக்கம் வைத்தார்கள். தெரியாத ஒரு ஆள் தோளைத் தட்டி, "தைரியமா சொன்னீங்க சார், உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றான்.

அன்றிலிருந்து மெக்கானிக் கண்ணாடிக்கடைக்காரரைப் பற்றி நினைக்காத நேரம் இல்லை. அவர் மேல் சந்தேகப்பட ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். வேலை நடக்கும்போது கூடவே நின்று பார்த்தாரே, எதற்கு? ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஆறு மணிக்கு யார் கடை திறக்கிறார்கள்? மனைவி டீ கொண்டுவந்து வைத்தபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லையே? ஒன்று கிடைத்தால் அன்று ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட முடிந்தது.

மெக்கானிக்கின் மனைவி ஒரு மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தையும் விடாமல் படிக்கிறவள். புருஷன் முகத்தைப் படிக்கச் சொல்லியா தர வேண்டும்? வெள்ளிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, அந்த வீட்டுல புகைக்குழாய்க்குக் கிளாம்ப் இல்ல, டேப் சுத்திட்டு வந்திருக்கேன்னு சொன்னீங்களே. மறுநாள் போய் மாட்டினீங்களா?"

"மாட்டிட்டேன்."

"எப்ப?"

"அதான் மறுநாள்."

அவள் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். ஆனால் செருப்பு மாட்ட அவ்வளவு நேரம் ஆகாது. அது அவருக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஹீட்டரிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாயின் இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் பழைய கிளாம்ப் துருப்பிடித்து உடைந்துவிட்டது. கையில் வேறு இல்லை. அலுமினிய டேப்பை நாலு சுற்றுச் சுற்றி, "நாளைக்கு வந்து புதுசு மாட்டிடறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தார். நாளை வந்தது. மறுநாளும் வந்தது. அவர்தான் போகவில்லை.

வீட்டுக்குள் இப்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். அவள் போனில் மெதுவாகப் பேசினால் யாரிடம் பேசுகிறாள் என்று அவர் காதைத் தீட்டினார். அவர் பையைத் திறந்தால் அவள் கை வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். ஒருநாள் அவள் சாதாரணமாக, "டேப் எத்தனை நாள் சூடு தாங்கும்?" என்று கேட்டதற்கு அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நீயும் போலீஸ் வேலை பார்க்க ஆரம்பிச்சிட்டியா?"

"நான் உங்க பொண்டாட்டி வேலைதான் பார்க்கிறேன்" என்றாள் அவள்.

பத்தாம் நாள் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மாத்திரையும் இல்லை, விஷமும் இல்லை. நிறமும் மணமும் இல்லாத நச்சுப்புகை. குளிக்கவும் துவைக்கவும் வெகுநேரம் ஹீட்டர் ஓடியிருக்கிறது. குழாய் இணைப்பு விட்டுப்போய் அந்தரத்தில் தொங்கியிருக்கிறது. சாத்திய ஜன்னல்கள்.

இனிமேலாவது ஊர் வாயை மூடும் என்று நினைத்தால், அதற்கு இன்னும் நாக்கு நீண்டது. "அப்ப குழாயைக் கழட்டி விட்டுட்டுத்தான் கடைக்குப் போயிருக்கான்!" என்றார் சலூன்காரர். "நம்ம அண்ணன்கிட்ட விவரம் கேட்டுக்கிட்டுச் செஞ்சிருக்கான் பாருங்க. படிச்ச மூளை." பாலில் மாத்திரை என்று அடித்துச் சொன்னவர், தானும் முதலிலேயே புகை என்றுதான் சொன்னதாகச் சத்தியம் செய்தார். கண்ணாடிக்கடை ஷட்டரில் யாரோ கரியால் 'கொலைகாரன்' என்று எழுதினார்கள். முன்பே ஒருமுறை விசாரித்து அனுப்பியிருந்த கண்ணாடிக்கடைக்காரரை மறுபடி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த நாள் மெக்கானிக்குக்கும் போன் வந்தது. வாக்குமூலத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், காலை பத்து மணிக்கு.

மனைவி அன்று லீவு போட்டாள். "நானும் வர்றேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச். அதன் ஒரு முனையில் கண்ணாடிக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஒரு காவலர். பத்து நாளில் ஆள் பாதியாகியிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடியது. உட்கார வேறு இடம் இல்லை. மெக்கானிக் அடுத்த முனையில் உட்கார்ந்தார். மனைவி சுவரோரமாக நின்றுகொண்டாள்.

இந்த மனிதர் தன் சட்டையைப் பிடிப்பார், கத்துவார் என்று மெக்கானிக் எதிர்பார்த்தார். பிடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவரோ நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடைக்கு வந்தவரிடம் பேசுவதுபோலத் தணிந்த குரலில் சொன்னார்:

"கிளாம்ப் விஷயத்தை நான் அவங்ககிட்ட சொன்னேங்க. நாளைக்கு வர்றேன்னு நீங்க சொன்னதையும் சொன்னேன். யாரும் எழுதிக்கல. டிவியில வந்தவர் பொய் சொல்லுவாரா, நீ பழியைத் தூக்கி அவர் மேல போடறியான்னு கேட்டாங்க."

மெக்கானிக் சுவரோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஜன்னலைச் சாத்தலாமான்னு நான் கேட்டேன். அது வாஸ்தவம். நீங்க என்ன சொன்னீங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"பேசக் கூடாது" என்றார் காவலர்.

உள்ளே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். எழுத வேண்டியதை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்கள். "டிவியில சொன்னதுதான். படிச்சுப் பார்த்துட்டு இங்க ஒரு கையெழுத்து" என்றார். ஒன்றரைப் பக்கம். அதில் பொய் என்று ஒரு வரிகூட இல்லை. அதுதான் மெக்கானிக்கை உலுக்கியது. அத்தனையும் உண்மை, சேர்த்துப் படித்தால் ஒரு கொலை. பேனாவை எடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மனைவி நிற்பது தெரிந்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. பெஞ்சில் இருந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"சார், இதுல பாதிதான் இருக்கு" என்றார் மெக்கானிக்.

"மீதி என்ன?"

"மீதி நான்."

சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. இன்ஸ்பெக்டர் நடுவில் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்து, "யாராவது மிரட்டினாங்களா?" என்று கேட்டார். "வீட்டுல ஏதாவது பிரச்னையா?" என்றும் கேட்டார். ஒரு மனிதன் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வான் என்று அவரால் நம்ப முடியவில்லை. கடைசியில் இரண்டு ஆட்களை அனுப்பிக் குழாயைக் கொண்டுவரச் சொன்னார். அதன் முனையில் சூட்டில் சுருண்ட டேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று மாலையே கண்ணாடிக்கடைக்காரரை விட்டுவிட்டார்கள். அலட்சியத்தால் மூன்று உயிர் போகக் காரணமானவர் என்று மெக்கானிக் மேல் வழக்குப் பதிவானது. ஜாமீனில் வெளியே வர எட்டு நாள் ஆனது.

டிவியில் அதை ஒரே ஒரு வரியாகப் படித்தார்கள். சலூனில் அந்த ஒரு வரியையும் நம்பவில்லை. "ரெண்டு பேரும் கூட்டு" என்றார் சலூன்காரர். "ஒரே பெஞ்சுல உக்காந்து பேசியிருக்காங்க. காவலரே சொன்னாரு. உள்ள போனதும் நம்மாளு பல்டி அடிச்சிருக்கான். சும்மாவா அடிப்பான்?" இத்தனை நாள் அண்ணன் என்று கூப்பிட்டவர், மெக்கானிக் தெருவில் வந்தால் கத்தி தீட்டும் சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார். வேலைக்குக் கூப்பிட ஒரு வீடு இல்லை. அதற்கு அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. அவரே கூப்பிட்டிருக்க மாட்டார்.

வெளியே வந்த நாலாம் நாள் மத்தியானம் மெக்கானிக் கண்ணாடிக்கடைக்குப் போனார். மனைவி போகச் சொல்லவில்லை, போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஷட்டரில் கரி எழுத்தைத் தேய்த்த இடம் வெளுத்துக் கிடந்தது. கடைக்காரர் உள்ளே ஒரு சின்ன ஸ்குரூடிரைவரால் ஒரு கண்ணாடி பிரேமின் காதுக்கம்பியை முடுக்கிக்கொண்டிருந்தார். யாருடையது என்று தெரியவில்லை. வாடிக்கையாளர் வந்துபோகிற கடை மாதிரி அது இல்லை.

மெக்கானிக் கைகூப்பினார்.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க" என்றார் கடைக்காரர், நிமிராமல். "அதுக்கு நான் நன்றி சொல்லணும்னு எதிர்பார்க்காதீங்க. மன்னிக்கணும்னும் எதிர்பார்க்காதீங்க."

"இல்லைங்க."

"ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். ராத்திரி பகலா அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன்." பிரேமைக் கீழே வைத்தார். "மறுநாள் வர்றேன்னீங்க. அன்னைக்கு உங்களுக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா? வீட்டுல யாருக்காவது ஏதாவதா? வேற பெரிய வேலை வந்துருச்சா?"

மெக்கானிக் யோசித்தார். யோசிக்க எதுவும் இல்லை. அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலையில் ஒரு அடுப்புக்குப் பர்னர் மாற்றினார். கடைவீதி வழியாகத்தான் வந்தார், கிளாம்ப் விற்கும் கடையைத் தாண்டித்தான் வந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். ஒரு பொய் சொன்னால் இந்த மனிதருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒன்று கிடைக்குமே என்று தோன்றியது. காய்ச்சல் என்று சொல்லலாம். யார் கண்டது?

"ஒண்ணும் ஆகலைங்க" என்றார். "மறந்துட்டேன்."

கடைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் ஏதோ வரும் என்று.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

கடைக்காரர் மெல்லத் தலையாட்டினார். பிறகு ஸ்குரூடிரைவரை எடுக்கப் போன கை மேசை மேலேயே தங்கிவிட்டது. தோள் குலுங்க ஆரம்பித்தது. எங்கே என்று ஊரே கேட்ட அந்தக் கண்ணீரைப் பார்க்க அங்கே மெக்கானிக்கைத் தவிர ஒருவரும் இல்லை. பக்கத்தில் போகவும் அவரால் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.