இரண்டு பேருக்கு ஒரு சேலை

அது வாடாமல்லி நிறச் சேலை. ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய தீபாவளிக்கு, ராக்காயியின் புருஷன் இருளப்பன் லூனாஸ் டவுனில் ராமையா கடையில் எடுத்துக் கொடுத்தது. பக்கத்து வீட்டு அழகம்மா தன் ஆட்டைக் கொடுத்து அதில் பாதி உரிமை வாங்கியிருந்தாள். ஒரு வாரம் இவள் அதைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு மரவள்ளிக் கிழங்கு விற்கப் போவாள், மறுவாரம் அவள். மற்ற நாளெல்லாம் ரப்பர் தோட்டத்து லய வீட்டில் இருவருக்கும் உடுத்த அரிசிச் சாக்குதான்.

இந்த வாரம் அழகம்மாவின் முறை. லோரி வருவதும் இந்த வாரம்தான். சயாமில் ரயில் ரோடு போடப் பிடித்த ஆண்களை லூனாஸ் வழியாகச் சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறார்கள், காலை ஒன்பது மணிக்கு என்று கங்காணி சொல்லியிருந்தார். இருளப்பனும் அதில் ஒருவன். அழகம்மாவின் புருஷன் பரஞ்சோதியும் ஒருவன்.

"எனக்கு விட்டுக்குடேன் அழகு. அடுத்த ரெண்டு வாரமும் நீயே போ."

"அடுத்த வாரம் அவரு அங்க இருப்பாராக்கா?"

ராக்காயி சாக்கை இழுத்து முழங்காலை மூடப் பார்த்தாள். மூடவில்லை. "பாலத்துல ஜப்பான்காரனுங்க நிக்கிறானுங்களே, அவனுங்க இல்லேன்னா இதோடயே வந்திருவேன்லா."

"நீ இதோட வந்து நின்னா அண்ணன் லோரிக்கு முந்தி சயாமுக்கு ஓடிடும்."

சிரிக்கத்தான் பார்த்தார்கள்.

"பால்மரம் முடியுற எடம் வரைக்கும் வாக்கா. லோரி நின்னா ஓடி வந்து சேலைய மாத்திக் குடுக்குறேன்."

மரத்தில் பால் வெட்ட ஆளில்லாத தோட்டத்தில் இடுப்பளவு புல். கடைசி மரத்துக்குப் பின்னால் ராக்காயி நின்றுகொண்டாள். அழகம்மாவிடம் ஏற்கெனவே பரஞ்சோதிக்கான பொட்டலம் இருந்தது. தன் அவித்த கிழங்குப் பொட்டலத்தையும் நீட்டி, "இதையும் குடுத்துரு" என்றாள்.

லூனாஸ் என்றால் முச்சந்தியும் இரண்டு வரிசைக் கடையும்தான். முன்பு சம்பள வாரத்தில் கால் வைக்க இடமிருக்காது. இப்போது நகைக்கடையிலும் கிழங்குதான் விற்றார்கள். ராமையாவின் துணிக்கடை அலமாரியில் தென்னங்கயிறு தொங்கியது.

"அண்ணே, லோரி வந்திருச்சா?" என்று அழகம்மா ராமையாவிடம் கேட்டாள்.

"ஒண்ணு போயிருச்சேம்மா. இன்னொண்ணு பாக்கி."

"ஒம்பது மணின்னாங்களே! வெயிலே இன்னும் ஏறல."

"அது ஜப்பான் மணிம்மா. நம்ம மணிக்கு ஏழரை."

"கங்காணி சொன்னதால நம்ம மணின்னுல்ல நெனச்சேன்."

"அவன் லோரி அவன் மணிக்குத்தான ஓடும்?" ராமையா குரலைத் தாழ்த்தினார். "பரஞ்சோதி மொத லோரியில போனாரு. கடையப் பாத்துத் தலைய ஆட்டினாரு."

அழகம்மா கடைப் படியில் உட்கார்ந்தாள். ராக்காயிக்குச் சேலை மாற்ற ஓடினால், அதற்குள் அடுத்த லோரியும் போய்விடலாம். வெயில் ஏறியது. முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது லோரி முச்சந்தியில் வேகம் குறைத்தது, நிற்கவில்லை.

"ஏ ராக்காயி! ஏ புள்ள!"

இருளப்பன் லோரிப் பலகையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். அவன் பார்த்தது சேலையை. அழகம்மா எழுந்தாள். முகத்தைத் தூக்கினால் ராக்காயி இல்லையென்று தெரிந்துவிடும். முந்தானையை வாய்வரை இழுத்துவிட்டாள்.

"மரவள்ளிய மேட்டுல நடு! பள்ளத்துல வேணாம், அழுகிரும்!"

அவள் தலையை ஆட்டினாள். லோரிக்குப் பின்னால் ஓடி இரண்டு பொட்டலங்களையும் வீசினாள். ஒன்று ரோட்டில் விழுந்து சிதறியது. ஒன்றை அவன் பிடித்துக்கொண்டான். அது யாருடையது என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது ராக்காயி அதே மரத்தடியில் நின்றிருந்தாள்.

"ஒன் வூட்டுக்காரரப் பாத்தியா?"

"இல்லக்கா. அவரு முந்தியே போயிட்டாரு."

"எங்க வூட்டு ஆளு?"

"அண்ணன் ஒன்னப் பாத்துருச்சு. ராக்காயின்னு கூப்புட்டுச்சு. கெழங்க மேட்டுல நடச் சொன்னிச்சு."

ராக்காயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். சேலையின் ஓரத்தைத் தொட்டாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"நீ தலைய ஆட்டுனேக்கா."