கடைவீதி வால்வு எந்தப் பக்கம் மூடும்?

சாவியக்கா பரீட்சையில் மூன்று தடவை கோட்டை விட்டாள். நகரம் ஸ்மார்ட் ஆகிவிட்டதாம். அதனால் பதினேழு வருஷமாகக் குடிநீர் வால்வுகளைத் திறந்து மூடுகிறவள் டேப்லெட் முன்னால் உட்கார்ந்து பாடம் கற்க வேண்டுமாம். நாலாவது தடவையும் தவறினால் வேலை போய்விடும்.

தகராறு ஒரே கேள்வியில்தான். கடைவீதி வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும்? வலப்பக்கம் என்று சாதித்தது டேப்லெட். ஊரில் மற்ற வால்வெல்லாம் அப்படித்தான். கடைவீதியில் மட்டும் எந்தப் புண்ணியவானோ இடப்பக்கம் மூடுகிற வால்வைப் புதைத்துவிட்டுப் போயிருந்தான்.

பயிற்சி அதிகாரி வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன். வால்வைப் படத்தில் மட்டுமே பார்த்தவன்.

"அண்ணி, சிஸ்டம் சொல்றதுதான் சரி. அதோட ஏன் மல்லுக்கட்டுறீங்க?"

"மண்ணுக்குள்ள கிடக்கிற வால்வு உன் சிஸ்டத்தைப் படிச்சுட்டா வந்துச்சு, தம்பி?"

அவன் பெரிய மனுஷன் மாதிரி சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேலை வேண்டுமே! பல்லைக் கடித்துக்கொண்டு வலப்பக்கத்தை அமுக்கினாள். நூற்றுக்கு நூறு. சான்றிதழோடு வால்வு திருப்ப ஒரு புதுச் சாவியும் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும் உடனே அவள் செல்போனுக்குக் கோள் சொல்லும் சாவி அது.

அடுத்த வாரமே கடைவீதியில், பயிற்சி மையத்தின் வாசலிலேயே, குழாய் வெடித்தது. சாவியக்கா வந்தாள், இடப்பக்கம் திருப்பினாள், தண்ணீர் நின்றது. செல்போன் கத்தியது.

கொழுந்தன் அதை வாங்கி உரக்கப் படித்தான். "தவறான திசை. ஐந்து நிமிடத்தில் சரிசெய்யாவிட்டால் சான்றிதழ் ரத்து." முழங்கால் வரை நனைந்தும் அவனுக்குப் புத்தி வரவில்லை. "வேலை போயிரும் அண்ணி. நான் என்ன பண்ண முடியும்? ரூல்னா ரூல்தான்."

பதினேழு வருஷ உழைப்புக்கு இதுதான் மரியாதை.

"அப்ப சரி பண்ணிடவா, தம்பி?"

"பண்ணிடுங்க அண்ணி."

சாவியை மறுபடி மாட்டி, வலப்பக்கம், நிதானமாக, கடைசிச் சுற்று வரை திருப்பினாள். தண்ணீர் சீறிக்கொண்டு கிளம்பி, படியேறி, டேப்லெட்டுகள் இருந்த கூடத்துக்குள் புகுந்தது.

"அண்ணி! மூடுங்க! மூடுங்க!"

"மூடிட்டேனே," என்று செல்போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சரியான திசை. வால்வு மூடப்பட்டது. வாழ்த்துகள்!"