எண்ணிக்கையில் வராதவன்

கழிப்பறையிலிருந்து வெளியே வந்தபோது வேன் நின்றிருந்த இடத்தில் ஆயில் கறை மட்டும்தான் இருந்தது. நிழலுக்காகத் தள்ளி நிறுத்தியிருப்பார்கள் என்று நினைத்து டீக்கடையின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பெட்ரோல் பங்க் வரை நடந்தும் பார்த்தேன். "அந்த வெள்ளை வேனா? அது போயி கால் மணி நேரம் ஆச்சே," என்றார் கடைக்காரர். வயிறு சரியில்லாதவனுக்குக் கால் மணி நேரம் போவதே தெரிவதில்லை. என் கையில் தடித்த நீல ஃபைல் ஒன்று இருந்தது.

நான் கோர்ட்டில் ரெக்கார்டு ரூம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கேஸ் கட்டை என்னிடம் ஒப்படைத்தால் அது என் கையை விட்டுப் போகாது, கழிப்பறைக்கும் கூடவே வரும். "இத மட்டும் பத்திரமா வச்சுக்கோங்க" என்று காலையில் என் மனைவி கொடுத்த ஃபைல் அது. வேனில் போன ஆறு நோயாளிகளின் டயாலிசிஸ் விவரமும் அதில்தான் இருந்தது. யாருக்கு எந்த மருந்து எவ்வளவு, உடம்பில் சேர்ந்த நீரை இறக்கி முடித்தால் யார் எத்தனை கிலோ இருக்க வேண்டும், எல்லாம். அது இல்லாமல் இவர்களை எந்த ஆஸ்பத்திரியில் மெஷினில் உட்கார வைப்பார்கள்?

என் மனைவி இருபத்தாறு வருஷம் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். அவளுக்கு நோயாளிகளின் பெயரெல்லாம் தெரியும், ஆனால் வீட்டில் பேசும்போது எல்லாரும் நாற்காலி நம்பர்தான். "இன்னிக்கு மூணாம் சேர் சிரிச்சாருங்க" என்பாள். ஒரு நாள் ஒன்றாம் சேர், அவர் பஸ் கண்டக்டராக இருந்தவர், அவளிடம் சொல்லியிருக்கிறார்: "சிஸ்டர், ஒரு நாளைக்கு ரெண்டு ட்ரிப் கடற்கரைக்குப் போயிட்டு வந்தவன் நான். ஒன்பது வருஷமா கடலைப் பாக்கல. ஒருநாள் விட்டு ஒருநாள் இந்த மெஷின் கூப்பிடுது, எங்க போறது?" அன்று அவள் சாப்பிடவில்லை. எட்டு மாதம் ஊர் ஊராக ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தாள். அப்புறம் வேலையை விட்டாள். டயாலிசிஸ்காரர்களைச் சின்னச் சின்னக் குழுவாகச் சுற்றுலா கூட்டிப்போகப் போகிறாளாம், போகிற ஊரில் மெஷினுக்கும் ஏற்பாடு செய்து.

அவள் ஓய்வு பெற இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. அவளுடைய அண்ணன் வந்து தலையில் அடித்துக்கொண்டு போனார். பெரிய டாக்டர் ராஜினாமாக் கடிதத்தைப் படிக்காமலே ஓரமாக வைத்து, "ரெண்டு மாசத்துல திரும்பி வருவீங்க சிஸ்டர்" என்றாராம். நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அப்புறம் எடுபிடியாகச் சேர்ந்துகொண்டேன். இதுதான் முதல் பயணம்.

மூன்றாவது தடவை அழைத்தபோது போனை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க? பின் சீட்டுலதானே?"

"டீக்கடையில. நீ விட்டுட்டுப் போன எடத்துல."

மறுமுனையில் வேன் இரைச்சல். அவள் எண்ணுவது கேட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஆறில் நின்றது. "ரெண்டு தடவ எண்ணினேனே, சரியாத்தானே இருந்துச்சு," என்றாள். சரியாகத்தான் இருந்திருக்கும். எனக்குத்தான் நாற்காலி கிடையாதே. பின்னாலிருந்து ஒன்றாம் சேர் கண்டக்டரின் குரல் கேட்டது: "சிஸ்டர், தப்பு என் மேலதான். பழக்க தோஷத்துல ரைட் குடுத்துட்டேன்."

"ஃபைல் என் கையில இருக்கு," என்றேன்.

டிரைவரிடம் அவள் மணி கேட்டாள். ஆஸ்பத்திரியில் பதினொரு மணியிலிருந்து மூன்று மணி வரைதான் ஆறு மெஷினும் நமக்கு. நான்கு மணிக்கு அவர்களுடைய ஆட்கள் வந்துவிடுவார்கள். என்னை ஏற்றிப்போகத் திரும்பினால் முக்கால் மணி நேரம் போய்விடும். அதெல்லாம் எனக்கும் தெரியும். இருந்தாலும் திரும்புவாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் திரும்பலங்க," என்றாள். "லேட்டா ஏத்தினா பாதியில எறக்கணும். நீங்க எப்படியாச்சும் வந்து சேருங்க."

"ஃபைல் இல்லாம என்ன செய்வே?"

"அத நான் பாத்துக்கறேன். வயித்துக்கு ஒத்துக்கிற மாதிரி எதாவது சாப்பிட்டுட்டு வாங்க."

கோபம் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. கட்டிய புருஷனை நடுரோட்டில் விட்டுவிட்டுப் பத்தியம் சொல்கிறாள். ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. இன்று ஆறு பேரையும் மெஷினில் ஏற்ற முடியாவிட்டால் வேன் அப்படியே ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பெரிய டாக்டர் சொன்னது பலித்துவிடும். அந்தக் கண்டக்டர் கடலைப் பார்க்காமலே போய்விடுவார். சிமெண்ட் மூட்டை ஏற்றிய லாரி ஒன்றைக் கை காட்டி நிறுத்தி, ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். இரண்டு மணி நேரம் அதைக் கீழே இறக்கவேயில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. சட்டையெல்லாம் சிமெண்ட் தூசி. மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஆறு நாற்காலியிலும் ஆறு பேர். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. தையல்காரர், அதாவது மூன்றாம் சேர், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி நடுவில் நின்று ஒவ்வொரு மெஷினாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வீட்டு அடுப்பைப் பார்ப்பது போல.

அங்கிருந்த இளம் டாக்டர் ஃபைலை வாங்கி மேஜையில் விரித்தார். பக்கத்தில் ஆறு தாள்கள் இருந்தன. என் மனைவி வாயால் சொல்லச் சொல்ல அவர் எழுதியவை. ஒவ்வொரு பக்கமாக ஒப்பிட்டார். எடை, மருந்து, ஊசியின் அளவு, ஒவ்வாத மாத்திரை. நூறு கிராம்கூடப் பிசகவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஐந்தாம் சேரின் பக்கத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. ஃபைலில் அறுபத்தொரு கிலோ. இவள் சொன்னது அறுபதரை.

நான் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"நான் வேலைக்கு வந்த கடைசி நாள் பெரிய டாக்டர் கொறைக்கச் சொன்னாரு," என்றாள் அவள், மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆளு எளச்சிருக்காருன்னு. எழுதாம விட்டுட்டாங்க போல."

இளம் டாக்டர் சிரித்தார். "காலையில ஃபைல் இல்லன்னதும் உங்க பெரிய டாக்டருக்குத்தான் போன் பண்ணேன் சார். கம்ப்யூட்டரப் பாத்துச் சொல்லுங்கன்னேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அந்த சிஸ்டர் சொல்றத எழுதிக்கோ. ஃபைல் வந்து வேற மாதிரி இருந்தா, ஃபைலத் திருத்து'ன்னாரு. இருந்தாலும் ஒரு வார்த்த கேட்டுக்கறேன்." அங்கேயே போன் போட்டுக் கேட்டார். ஆமாம் என்று பதில் வந்தது. பேனாவை எடுத்தார்.

முப்பத்திரண்டு வருஷம் ஒரு வக்கீலையும் என் கட்டுகளில் பேனா வைக்க விட்டதில்லை நான். ஃபேன் காற்றில் தாள் படபடத்தது. திருத்துவதற்கு வசதியாக அதை நானே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இவள் என் மனைவி என்று அந்த அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும்போல இருந்தது. சிமெண்ட் தூசியோடு அதைச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் சொல்லவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். கணுக்கால் வரைதான் இறங்கலாம், ஊசி குத்திய கையில் தண்ணீர் படக்கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தாள். ஆறு பேரும் பிளாஸ்திரி ஒட்டிய கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அலையில் நின்றார்கள். கண்டக்டர் மட்டும் முழங்கால் வரை போய்விட்டார். தோள் குலுங்கியது தெரிந்ததால் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சும்மா பக்கத்தில் போய் நின்றேன்.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்பு, கிளம்பலாம் என்று கரையிலிருந்து அவள் குரல் கொடுத்தாள். திரும்பிப் பார்த்தேன். விரலை நீட்டி, தூக்கிய கைகளை எண்ண ஆரம்பித்திருந்தாள். ஒன்று, இரண்டு என்று உதடு அசைந்தது.

என் கையில் பிளாஸ்திரி ஏதும் இல்லை. இருந்தாலும் தூக்கினேன்.