வெள்ளை பூசிய முகம்

நகர மண்டபத்து மணி திடீரென்று அலற ஆரம்பித்தது. ஊருக்குள் தீப்பிடித்தால் அடிப்பார்களே, அப்படி மூச்சுவிடாமல்.

சாரத்தின் மேல் நின்றிருந்த பிந்தோவின் தூரிகை மாதாவின் கன்னத்தில் அப்படியே நின்றுவிட்டது. கீழே சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்த, வேலை பழகும் பையன் நத்தோ கரண்டியை எறிந்துவிட்டுக் கோவில் வாசலுக்கு ஓடினான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"மேஸ்திரி! உங்க அண்ணன் மூஞ்சி கறுத்துப்போச்சாம்!"

பிந்தோ தூரிகையை எடுக்காமலே கீழே பார்த்தான். அண்ணன் வான்னி செத்துப்போய்விட்டானோ என்றுதான் முதலில் நினைத்தான்.

"ஆளு இல்ல மேஸ்திரி, படம்! மண்டபத்துச் சுவத்துல நீங்க போட்ட படம்! ரோமுக்கு யாத்திரை போயிருந்த ரொட்டிக்காரி மீத்தா இன்னைக்குத்தான் வந்திருக்கா. அண்ணாந்து பார்த்தவ அங்கேயே முழங்கால் போட்டு, கடவுள் துரோகி மூஞ்சியில கரி பூசிட்டாருன்னு கத்துறா. பக்கத்துல தொங்குறவன் மூஞ்சியெல்லாம் பளிச்சுனு இருக்கு. உங்க அண்ணனுக்கு மட்டும் அடுப்புக்குள்ள விட்டு எடுத்த மாதிரி!"

பிந்தோ கன்னத்தில் விட்ட கோட்டை இழுத்து முடித்தான். ஈரச் சுண்ணாம்பு யாருக்காகவும் காத்திருக்காது. காலையில் பூசிய பூச்சு, வெயில் சாய்வதற்குள் வண்ணத்தைக் குடித்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் கொத்தி எறிந்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். மாதாவின் பாதி முகம் வந்திருந்தது. மறுபாதி வெறும் ஈரம்.

பிடிபடாத துரோகியைச் சுவரில் பிடித்துவைப்பது மொந்தலேரா ஊரின் வழக்கம். ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி வரைந்து, கீழே பேரும் குலமும் குற்றமும் எழுதிவிடுவார்கள். சந்தைக்கு வருகிறவன் காறித் துப்பிவிட்டுப் போவான். மலைக்கோட்டைக்குக் காவலாக இருந்த வான்னி, எதிரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டு அவர்களோடு போய்விட்டான். கோட்டைக்குள் தோல் செருப்பை அவித்துத் தின்றார்கள் என்பதும், தானியம் கேட்டு அவன் அனுப்பிய ஆட்களுக்கு ஊர் பதிலே சொல்லவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்கிற ஊர் இல்லை அது.

படம் போட பிந்தோவைத்தான் கூப்பிட்டார்கள். ஊரில் முகம் எழுதத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"ஆள் அடையாளம் தெரியணும். தெரியலைன்னா கோவில் சுவர்ல படம் போடுற வேலையை வேற ஊர்க்காரன் பார்த்துக்குவான்" என்றார் நீதிபதி.

மாதா கோவிலின் பீடத்துச் சுவர். பிழைப்புக்காகப் பெட்டிக்கும் கட்டிலுக்கும் பூப்போட்ட காலத்திலிருந்தே பிந்தோ அதன் மேல் கண் வைத்திருந்தான். மாதாவின் மரணம், விண்ணேற்பு, முடிசூட்டு என்று எல்லாம் கண்ணை மூடினால் அவனுக்குள் ஏற்கெனவே வரைந்து முடிந்திருந்தது.

வரைந்தான். அண்ணன் தம்பிக்கு ஒரே மூக்கு, ஒரே தாடை. தொட்டித் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலைகீழாக எழுதினான். கன்னத்துக்கு வெள்ளை கலக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான் போட வேண்டும். ஈயத் தகட்டைக் காடியில் ஊறவைத்து எடுக்கிற ஈய வெள்ளை பலகைக்குத்தான் ஆகும். அதைச் சுவரில் பூசினால் முதல் வருஷம் முத்துப்போல இருக்கும். அப்புறம் ஈரம் ஏற ஏறக் கறுத்து, மூக்கும் வாயும் தெரியாமல் போய்விடும். வேலை பழகுகிறவன்கூடச் செய்யாத தப்பு. பிந்தோ அதைத் தெரிந்தே செய்தான்.

அன்றைக்கு அண்ணி ஜெம்மா மகள் தெஸ்ஸாவோடு சாரத்தின் கீழே வந்து நின்றாள். அழவில்லை.

"நல்லா வந்திருக்கு தம்பி. கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பார் போல."

அவன் இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினான். "கொஞ்ச காலம் பொறுத்துக்குங்க அண்ணி. போட்டிருக்கறது ஈய வெள்ளை. ரெண்டு மழைக்காலம் போனா மூஞ்சி தானா அழிஞ்சுடும். யாருன்னே தெரியாது. இதுதான் என்னால முடிஞ்சது."

ஜெம்மா அவன் கையைப் பிடித்து, வண்ணத்தோடு சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நம்பிக்கையில்தான் இந்த இரண்டு வருஷமும் சந்தைக்குள் தலை குனியாமல் நடந்தாள். தினமும் கடந்து போகிறவர்கள் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை; எல்லாரும் மறந்துகொண்டுதான் வந்தார்கள். சாயக்காரர் வீட்டில் தெஸ்ஸாவுக்கு நிச்சயம்கூட ஆகியிருந்தது.

கோவில் கதவைத் தள்ளிக்கொண்டு உபால்தோ சாமியார் வந்தார். ஓடி வந்ததில் அங்கி முழங்கால்வரை சேறு.

"இறங்கி வாப்பா பிந்தோ! உன் கை வழியா ஆண்டவர் பேசியிருக்கார்! ஆயருக்கு ஆள் போயாச்சு. இனிமே அக்கம்பக்கத்து ஊரெல்லாம் இங்கேதான் வரும். நீ வந்து சத்தியம் பண்ணணும்."

"என்ன சத்தியம் சாமி?"

"இது மனுஷ வேலை இல்லைன்னுதான்! வரைஞ்சவன் வாயால வந்தாத்தானே நம்புவாங்க?"

"சுண்ணாம்பு காயுது சாமி."

"மாதா காத்திருப்பாங்க. வா."

நத்தோ சாக்கை நனைத்து ஈரப்பூச்சின் மேல் போட்டான். "பயப்படாதீங்க மேஸ்திரி. உங்க வேலைக்குப் பரலோகமே கைவச்சுத் திருத்தம் போட்டிருக்கு. எந்த ஓவியனுக்கு இது கிடைக்கும்?" என்று சிரித்தான்.

மண்டபத்துக்கு முன்னால் சதுக்கம் ஆட்களால் பிதுங்கிக் கிடந்தது. முன்பு துப்பின இடத்தில் இப்போது மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். பிந்தோ அண்ணாந்து பார்த்தான். மூக்கு அழியவில்லை. தாடை அழியவில்லை. அடியில் செம்மண் வண்ணத்தில் இழுத்த கோடுகள் கெட்டியாக நிற்க, இடையில் இருந்த சதை மட்டும் நிலக்கரியாகியிருந்தது. முன்பு வெறும் வான்னி. இப்போது நரகத்திலிருந்து எட்டிப் பார்க்கிற வான்னி. தான் கலந்த வெள்ளை இப்படியா போகும்?

கீழே படிக்கட்டின் ஓரம் ஜெம்மாவும் தெஸ்ஸாவும் நின்றார்கள். காலடியில் அவசரமாகக் கட்டிய மூட்டை. தெஸ்ஸாவின் நெற்றியில் கல் பட்டு ரத்தம் புருவத்தில் இறங்கியிருந்தது. சாயக்காரர் வீட்டு ஆட்கள் கூட்டத்தின் மறுகோடியில் நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"துரத்துங்கப்பா! சபிச்ச குடும்பத்தை வச்சுக்கிட்டிருந்தா நம்ம திராட்சையும் கறுத்துடும்!" என்று கத்தினாள் மீத்தா. போன வருஷம்வரை ஜெம்மாவுக்குக் கடன் ரொட்டி கொடுத்தவள்.

"தம்பிக்கும் அதே ரத்தம்தானே?" என்றான் ஒருவன்.

"ஏய், அவரைச் சொல்லாதே! அவரு கை ஆண்டவர் கை!" பத்துப் பேர் சேர்ந்து அவனை அடக்கினார்கள். ஒரு கிழவி பிந்தோவின் விரல்களைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஜெம்மா கூட்டத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "நான் சொன்னா நம்ப மாட்டீங்க. அது வண்ணம் பூசறவங்க விஷயம். அவரையே கேளுங்க. கறுத்தது எதனாலன்னு அவருக்குத் தெரியும்."

கெஞ்சுகிற குரல் இல்லை அது. நம்புகிற குரல். அதுதான் பிந்தோவுக்குத் தாங்கவில்லை.

நீதிபதி படியிலிருந்து ஓரடி இறங்கினார். "அந்தப் பொம்பளை என்ன சொல்றா? மட்டமான சரக்கைப் போட்டு நகரத்தை ஏமாத்தியிருந்தா அதுக்குத் தண்டனை என்னன்னு தெரியுமில்ல? வலது கை." கோபமே இல்லாமல், சந்தையில் விலை சொல்கிற மாதிரி சொன்னார்.

உபால்தோ சாமியார் வேதப் புத்தகத்தை நீட்டினார். சதுக்கம் அடங்கியது.

பிந்தோ வலது கையைப் புத்தகத்தின் மேல் வைத்தான். நகக்கண்ணில் மாதாவின் கன்னத்துச் சிவப்பு இன்னும் ஈரமாக இருந்தது. சொல்லிவிடலாம். ஈய வெள்ளை சுவரில் கறுக்கும் என்ற ஒரு வரிதான். நத்தோவுக்கே தெரிந்திருக்க வேண்டிய வரி. தெஸ்ஸா புருவத்து ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள். ஜெம்மா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் மண்டபத்துக் கோபுரத்தைத் தாண்டிச் சரிய ஆரம்பித்திருந்தது. இந்நேரம் சாக்கு காய்ந்திருக்கும். ஓரம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். இப்போது போனால் மறுபாதி முகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று அவனுக்குள் ஒரு கணக்கு தானாக ஓடியது.

அவன் ஜெம்மாவைப் பார்க்காமல் சாமியாரைப் பார்த்துச் சொன்னான்:

"கறுப்பை நான் தொடவே இல்லை சாமி. வேதத்து மேல சத்தியமா, அந்த மூஞ்சிக்கு நான் பூசினது வெள்ளைதான்."